கறுப்பு வெள்ளையில் ஒரு பச்சைப் புடவை

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஒரு பழைய படத்தின் பெயர் தொண்டைவரை வந்து வெளியே வராமல் நின்றால் எனக்குத்தான் போன் வரும். “ஒரு அம்மா தையல் மிஷினை மிதிச்சுக்கிட்டே அழுவாங்களே, அது என்ன படம்?” என்பார்கள். “அழும்போது மழை பெய்ததா, வெயிலா?” என்று கேட்பேன். மழை என்றால் ஒரு படம், வெயில் என்றால் வேறொன்று. தோசை திருப்பும் நேரத்துக்குள் பெயரைச் சொல்லிவிடுவேன். “காய்கறிக் கடைக்கு அனுப்பினா கொத்தமல்லியை மறந்துட்டு வர்ற மனுஷனுக்கு இது மட்டும் எப்படித்தான் ஞாபகம் இருக்கோ” என்று என் மனைவி சமையலறையிலிருந்து சொல்வாள். அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவனுக்கு அடையாறு ஃபிளாட்டில் வேறு என்ன மரியாதை கிடைக்கும்? காலை நடைக்குப் போனால் பூங்காவில் நாலு பேர் நிறுத்திப் படம் கேட்டார்கள். மயிலாப்பூரில் ஒரு திரைப்படக் கழகத்தில் என்னை இரண்டு முறை பேசக் கூப்பிட்டார்கள். தலைக்கனம் ஏற அது போதாதா?

என்னிடம் ஒரு முறை இருந்தது. கதையைச் சொல்ல விடமாட்டேன். கதையை எல்லோரும் தப்பாகத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்பது என் கட்சி. மூன்று கேள்விதான் கேட்பேன். எந்தத் தியேட்டரில் பார்த்தீர்கள்? யாரோடு போனீர்கள்? கடைசிக் காட்சியில் கதாநாயகி என்ன உடுத்தியிருந்தாள்? தியேட்டர் தெரிந்தால் காலம் தெரியும். கூடப் போனவர் தெரிந்தால் எந்த மாதிரிப் படம் என்று தெரியும். கடைசியில் வெள்ளைப் புடவையா பட்டுப் புடவையா என்பது தெரிந்துவிட்டால் பாதிப் படங்கள் தாமாகவே கழிந்துவிடும். இந்த மூன்று கேள்வியும் என்னைக் கைவிட்டதே இல்லை, அண்ணி கேட்கும் வரை.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். அப்போது அது ஒரு நீள வீடு. முன்னால் வீட்டுக்காரர், பின்னால் வரிசையாக ஐந்து போர்ஷன், இரண்டுக்கும் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாயடி. நான் படித்து, வேலைக்குப் போய், ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். என் பேச்சும் மெல்ல மாறிவிட்டது. அண்ணி அங்கேயே நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் மகனோடு இருக்கிறாள். அவள் பேச்சு மாறவில்லை. அண்ணன் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

ஒரு நாள் காலையில் அண்ணி போன் செய்தாள்.

“தம்பி, இன்னா பண்ணிக்கினு கீற?”

“சும்மாதான் அண்ணி. சொல்லுங்க.”

“எனக்கு ஒரு படம் கண்டுபுடிச்சிக் குடுப்பியா? ஊருக்கெல்லாம் சொல்றியாமே.”

கண் டாக்டரிடம் போய்வந்தாளாம். சர்க்கரை பல வருஷமாகக் கண்ணுக்குள் பூந்து பின்பக்கத்தை அரித்துவிட்டதாம். ஊசி போட்டிருக்கிறார்கள், லேசரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் இருக்கிற பார்வை எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

“இது போறதுக்குள்ள அந்த ஒரு படத்தைப் பாத்துறணும் தம்பி. புருசன்காரன் வுட்டுட்டுப் பூடுவான். ரொம்ப வருசம் கழிச்சித் திரும்பி வந்து கதவைத் தட்டுவான். அவ உள்ள நிப்பா. கடைசியில அவ கதவைத் தொறந்தாளா இல்லையான்னு எனக்குத் தெரியணும்.”

“படத்தைப் பாத்தீங்கதானே? அப்புறம் அது எப்படித் தெரியாம போகும்?”

“அது... மறந்துபோச்சுப்பா” என்றாள்.

நான் என் மூன்று கேள்வியைக் கேட்டேன். எந்தத் தியேட்டர்? ஞாபகம் இல்லை. யாரோடு போனீர்கள்? அதுவும் சரியாக வரவில்லை. கதாநாயகி என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டதற்கு மட்டும் தயங்காமல் பதில் வந்தது. “பச்சைப் புடவை. மாங்காக் கரை போட்டது.” வீடு எப்படி என்றேன். பெரிய வீடாம், கூடத்தில் ஊஞ்சல் உண்டாம். புருஷன் ஒல்லியாக உயரமாக இருப்பானாம்.

புருஷன் ஓடிப்போவதும் திரும்பி வருவதும் நம் படங்களில் பஞ்சமா? ஊஞ்சல் உள்ள வீடு, உயரமான நாயகன், கலர்ப் படம் என்று வைத்துத் தேடி ஒன்றைப் பிடித்தேன். அண்ணன் மகனின் போனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அண்ணி கூப்பிட்டு, “இது இல்ல தம்பி” என்றாள். இன்னொன்று அனுப்பினேன். அதுவும் இல்லை. மூன்றாவதும் இல்லை. ஒவ்வொன்றையும் அவள் முழுதாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள் என்று அண்ணன் மகன் சொன்னான். மிச்சம் இருந்த பார்வையை என் தப்பான படங்களுக்குச் செலவு செய்துகொண்டிருந்தாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் பேர் கெடுகிறதே என்றுதான் எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மகளின் வளைகாப்பு வந்தது. தி. நகரில் ஒரு சின்ன மண்டபம். மகளை மணையில் உட்கார்த்தி, பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் போன பிறகு அண்ணி எந்த வளைகாப்பிலும் வளையல் போட முன்னால் போவதில்லை. நாங்களும் கூப்பிடுவதில்லை. அன்றைக்கும் அவள் ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம், சுவரோரமாக ஒரு நாற்காலியில் இருந்தாள்.

நான் என் சம்பந்தியோடு பேசிக்கொண்டிருந்தேன். அவரும் பழைய படப் பைத்தியம். அவர் ஒரு காட்சி சொல்ல, நான் படம் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் கைதட்டாத குறை. எனக்கு நல்ல உற்சாகம். அப்போது அண்ணி நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“தம்பி, அந்தப் படம் இன்னா ஆச்சு? ஒண்ணு ஞாபகம் வந்துச்சுப்பா. அவ உள்ள நின்னுக்கினு சொல்லுவா, ‘இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்...’”

“வசனமெல்லாம் வேணாம் அண்ணி” என்று கையைக் காட்டி நிறுத்தினேன். “வசனத்தை வெச்சு யாரும் படம் கண்டுபிடிக்க முடியாது. சீன் சொல்லுங்க, சீன்.”

சம்பந்தி ஆவலாக, “என்ன படம்?” என்றார். நான் அவரிடம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைப் புடவை, மாங்காய்க் கரை, ஊஞ்சல் எல்லாம் சொன்னேன். அவர் அண்ணியைப் பார்த்து மரியாதையாக, “கலர்ப் படமாங்க?” என்று கேட்டார்.

அண்ணி யோசித்தாள். “இல்லீங்க. கறுப்பு வெள்ளைன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க” என்றாள்.

அவள் சொன்ன விதத்தைக் கவனித்திருந்தால் அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எல்லாரும் சொல்லுவார்கள் என்றாளே தவிர, பார்த்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கிடைத்தது கைதட்டல் வாங்க ஒரு வாய்ப்பு. விடுவேனா?

“கறுப்பு வெள்ளைப் படத்துல புடவை பச்சைன்னு எப்படி அண்ணி தெரிஞ்சுது? புடவைக்காரர் பக்கத்துல உக்காந்து சொன்னாரா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது இன்னும் தூண்டியது என்னை. “தியேட்டர் ஞாபகம் இல்ல, கூட வந்தவங்க ஞாபகம் இல்ல, முடிவு ஞாபகம் இல்ல. அண்ணி, நீங்க படம் பாக்கல, மத்தியானத் தூக்கத்துல கனவு கண்டிருக்கீங்க” என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. அண்ணியும் சிரித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “ஆமாப்பா. நான்தான் கொழம்பிக்கினு கீறேன். வுட்டுடு” என்றாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. பந்தியில் உட்காராமல், புளிசாதமும் தேங்காய் சாதமும் பொட்டலமாக வாங்கிக்கொண்டு மகனோடு போய்விட்டாள் என்று மனைவி சொன்னாள். “எதுக்கு அப்படிப் பேசினீங்க?” என்றும் கேட்டாள். தமாஷுக்குத்தான் என்றேன்.

அதன் பிறகு அண்ணி படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. போன் செய்தால் மகள் எப்படி இருக்கிறாள், எத்தனையாம் மாசம் என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள். எனக்கும் விட்டது தொல்லை என்று இருந்தது. மகளுக்குப் பிரசவம் ஆயிற்று. குழந்தை, ஆஸ்பத்திரி, பத்தியச் சாப்பாடு என்று வீடு அமளிப்பட்டது. அந்த அமளி அடங்கிய பிறகு ஒரு நாள் அண்ணன் மகன் கூப்பிட்டான்.

“சித்தப்பா, அம்மாக்குக் கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிடுச்சு. ஆபரேசன் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. வெளிச்சம் மட்டும்தான் தெரியுதாம். உங்களுக்கு உடனே சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. கொயந்த பொறந்த வூட்ல சங்கடப்படுத்தாதன்னு.”

மறுநாள் மத்தியானம் சைதாப்பேட்டைக்குப் போனேன். படி ஏறும்போது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி தானாக மனத்தில் வந்தது. அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு அதை நினைத்ததற்கே என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்ன ரேடியோ. மெதுவாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் செருப்புச் சத்தத்திலேயே என்னைத் தெரிந்துகொண்டாள்.

“வா தம்பி. கொயந்த நல்லா பால் குடிக்குதா?”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் பேச்சை ஓட்டினாள். கண் போனதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை, டம்ளர் எங்கே வைத்தேன் என்பதுதான் தட்டுப்படுவதில்லை என்றாள். ரேடியோவைத் தடவிக்கொண்டு, “இது கீது, போதும்” என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

“தம்பி, அந்தப் படத்தை நான் எந்தத் தியேட்டர்லயும் பாக்கலப்பா. கேட்டேன்.”

எனக்கு விளங்கவில்லை.

“நம்ம வூட்டுக்காரர் போர்ஷன்ல ரேடியோ இருந்துச்சுல்ல? ஞாயித்துக்கெயம மத்தியானம் ஒலிச்சித்திரம் போடுவான். முழுப் படத்தையும் சுருக்கி, பேசறது பாடறது மட்டும் ஒரு மணி நேரம் வரும். அவங்க ஜன்னலு குழாயடிப் பக்கம்தானே. நான் ஏனம் தேய்க்கற மாதிரி அங்க குந்திக்குவேன். ஒரே குண்டானையே படம் முடியற வரைக்கும் தேய்ச்சிக்கினு இருப்பேன். நீங்கள்லாம் சினிமாவுக்குப் போவீங்க. மருமவ வூட்டைப் பாத்துக்கணும், அதுதான் அப்ப வழக்கம். வந்து படத்தைப் பத்திப் பேசுவீங்க. நானும் பாத்த மாதிரியே பேசுவேன். அப்பால அதுவே பழக்கமாப்பூடுச்சு. பாக்கலன்னு சொல்றதுக்கு வெக்கமா இருக்கும்.”

தியேட்டர் எது, கூட வந்தவர் யார் என்று அவளைக் குடைந்த என் கேள்விகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. இல்லாத தியேட்டரை அவள் எங்கிருந்து சொல்வாள்? முடிவு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டேனே, அதற்கும் பதில் சொன்னாள். கடைசியில் கதவு தட்டும் சத்தம் கேட்டதாம். கதாநாயகி உள்ளிருந்து ஒரு வரி பேசினாளாம், பிறகு வயலின் மட்டும். அதற்குமேல் யாரும் எதுவும் பேசவில்லை. கூடவே படம் எடுத்தவர்கள் பெயரைப் படித்து முடித்துவிட்டார்கள். அவள் கதவைத் திறந்தாளா என்பது ரேடியோவில் தெரியவே இல்லை.

“அந்தப் புடவை?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன்.

“அந்தம்மா குரலு அப்டி இருந்துச்சுப்பா. பச்சைப் புடவை கட்டின பொம்பளை குரலு. வூடு, ஊஞ்சலு எல்லாம் நானா வெச்சிக்கினதுதான்.”

“அண்ணி, அன்னிக்கு மண்டபத்துல ஒரு வசனம் சொல்ல வந்தீங்களே.”

அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவள் குரலே மாறியது. சைதாப்பேட்டைப் பேச்சு போய், அந்தக் காலத்துச் சினிமாப் பேச்சு வந்தது. “இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது. போகும்போது அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாமே.”

முதுகில் அடி விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. அந்தப் படத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மயிலாப்பூர்க் கழகத்தில் நான் பேசிய இரண்டு பேச்சில் ஒன்று இந்தப் படத்தைப் பற்றியதுதான். சுவரில் நிழல் விழும் அழகைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். அதில் ஊஞ்சல் கிடையாது. ஒற்றை அறை ஓட்டு வீடு. புருஷனாக நடித்தவர் குள்ளம், தொந்தி வேறு. படம் என் போனிலேயே கிடந்தது. வளைகாப்பு மண்டபத்திலும் அந்தப் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த ஒரு வரியை முடிக்க விட்டிருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே அண்ணி அதைக் கண்ணால் பார்த்திருப்பாள். நான்தான் வசனம் வேண்டாம் என்றேன். ஒரு சிரிப்புக்காக.

“கெடச்சிடுச்சு அண்ணி” என்றேன்.

“மெய்யாலுமா?” என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. “போடு, போடு.”

ரேடியோவை அணைத்துவிட்டு, போனை அவள் மடியில் தலையணைமேல் நிறுத்தினேன். எதற்கு நிறுத்தினேன் என்று தெரியவில்லை. படம் ஓட ஆரம்பித்தது. ஓரிரு இடங்களில் அண்ணியின் உதடு வசனத்துக்கு முன்னால் போயிற்று. ரேடியோவில் வெட்டிய பகுதிகள் வரும்போது மட்டும், “இது எனக்குத் தெரியாது” என்று ஆச்சரியமாகச் சொன்னாள். மற்றபடி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கதவு தட்டும் சத்தம் வந்தது. தாழ்ப்பாள் வசனம் வந்தது. வயலின் ஆரம்பித்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப சொல்லு. இன்னா பண்றா?”

“கதவுகிட்ட வர்றா. தாழ்ப்பாள் மேல கை வைக்கிறா.”

“தொறக்கறாளா?”

“இல்ல. கையை எடுத்துட்டா. உள்ள போறா. பானையிலருந்து ஒரு சொம்புல தண்ணி மொள்றா. எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்ட வர்றா. ஜன்னல் கட்டையில சொம்பை வைக்கிறா. அவன் கை மட்டும் வெளியிலருந்து வந்து எடுக்குது. அவ ஜன்னலைச் சாத்திடறா. அவ்வளவுதான். முடிஞ்சிடுச்சு.”

அண்ணி என் கையை விடவில்லை.

“தொறக்கலையா அப்ப?”

“தொறக்கல அண்ணி.”

“தொறந்துருப்பான்னே நெனச்சிக்கினு இருந்தேன், இத்தினி வருசமா” என்றாள். பிறகு, “தண்ணி குடுத்தாளே, அது சரி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஜன்னலைச் சாத்தும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். படத்தைப் பின்னால் தள்ளி நிறுத்திப் பார்த்துச் சொன்னேன். அழவில்லை, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள், நெற்றியில் ஒரு கற்றை முடி விழுந்திருக்கிறது என்றேன். இவ்வளவு வருஷம் நிழலைப் பற்றிப் பேசியவன் அந்த முடியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“புடவை?” என்றாள்.

திரையில் அவள் சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருந்தாள். சாம்பல் புடவை, அதைவிடக் கொஞ்சம் இருண்ட கரை. கரையில் மாங்காயும் இல்லை, ஒரு பூவும் இல்லை.

“பச்சை அண்ணி” என்றேன். “மாங்காக் கரை போட்டிருக்கு.”

அண்ணி என் கையை விட்டுவிட்டாள்.

“பொய் சொல்லாத தம்பி. கறுப்பு வெள்ளையில பச்சைன்னு எப்டித் தெரியும்? நீதானே சொன்ன?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். படிக்காத ஒருத்தி படித்தவனிடம் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை அவனுக்கே ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னாள். எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

“மொதல்லருந்து போடு” என்றாள். “இந்தவாட்டி நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் கேட்டுக்கறேன்.”

போட்டேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துகொண்டாள். வளைகாப்பு மண்டபத்தில் செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.